ஊசியை வைத்ததும் குரல் கனத்து இழுத்தால்

இசைத்தட்டில் குறையில்லை. வேகம்தான் தப்பு.

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஊர்க்காரர்களான காக்டோ ட்வின்ஸ் இசைக்குழுவின் 'விக்டோரியாலாண்ட்' (1986) முழு ஆல்பம்தான். முழு ஆல்பம் வழக்கமாக நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடும். ஆனாலும் இதன் முதல் பதிப்பு 45 சுற்று வேகத்துக்கு வெட்டப்பட்டது.

33-இல் ஓட்டினால் சுருதி சுமார் ஐந்து அரைச்சுரம் இறங்கிவிடும். பாடகி எலிசபெத் ஃப்ரேசரின் அந்தக் குரலை அப்படிக் கேட்பது பாவம்!

வேகம் கூடினால் ஒவ்வொரு நொடிக்கும் நீளமான பள்ளம் கிடைக்கும். மெல்லிய ஒலிகள் தெளிவாக நிற்கும். இதில் அது அவசியம். டிரம்ஸும் பேஸ் கிதாரும் ஏறக்குறைய இல்லவே இல்லை. ராபின் கத்ரியின் கிதார்தான் எல்லாம்: கோரஸ், டிலே, ரிவர்ப் என்று ஒலியை விரித்து எதிரொலிக்க வைக்கும் எஃபெக்ட்கள் அடுக்கடுக்காக. நடுவே ரிச்சர்ட் தாமஸின் சாக்ஸபோனும் தபலாவும்.

இதே குழுவின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' (1990) கேட்டவர்கள் இதையும் கேளுங்கள். பின்னால் வந்த ஷூகேஸ் (எஃபெக்ட் அடுக்கிய கிதார் ஒலியில் குரல் மூழ்கும் ராக் வகை) குழுக்களின் ஒலிக்கு வேர் இங்கே. அவற்றில் ஒன்றான லஷ் குழுவின் 'ஸ்பூக்கி' ஆல்பத்தை (1992) தயாரித்தவரும் கத்ரியேதான்.