மாணவர் நலம் கால அட்டவணையில்தான் இருக்கிறது

கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் நலம் என்றதும் ஆண்டுத் தியானம், ஊக்கமூட்டும் பேச்சாளர், சுவரொட்டிப் போட்டி என்றுதான் யோசனை போகிறது. அவை நடக்கட்டும். ஆனால் அடுத்த நாள் முதல் பாடவேளைக்கு மணி அடித்ததும் பிள்ளை திரும்புவது அதே அட்டவணைக்கு, அதே தேர்வு நெரிசலுக்கு, தன்னைப் பற்றி மதிப்பெண்ணைத் தவிர எதுவும் அறியாத பெரியவர்களிடம். படிப்பையும் மனநலத்தையும் சேர்த்தே ஆக்குவதும் கெடுப்பதும் இந்த அன்றாட ஒழுங்குதான். அதைச் சீர்படுத்தத் தேவையான மரபு இந்தப் பள்ளிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் பாதியைச் சடங்காக்கி ஓரத்தில் வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. மாணவர்கள் வராத ஓர் அறையில், எல்லா மாணவர் பெயர்களையும் வகுப்புவாரியாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியர்கள், நூலகர், ஆய்வக உதவியாளர், அலுவலர்கள், ஆன்ம குரு என எல்லோரும் பேனாவுடன் சுற்றி வரட்டும். ஒரு மாணவரைப் பற்றி மதிப்பெண் தவிர இரண்டு விஷயங்களாவது தெரிந்திருந்தால் (வீட்டில் யார் யார், எதில் ஆசை, எதற்குப் பயம்) அந்தப் பெயரருகே ஒரு புள்ளி வைக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் மதிப்பெண் வாங்குபவர்கள், பாடகர் குழுவில் இருப்பவர்கள், அடிக்கடி தண்டனை பெறுபவர்கள் பக்கம் புள்ளிகள் குவியும். நடுவில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளைகள் பலருக்கு ஒரு புள்ளியும் இராது. அந்தப் பெயர்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மூன்று, நான்கு பேருக்கு மேல் வேண்டாம். அடுத்த பத்துப் பள்ளி நாட்கள், நாளுக்கு இரண்டு நிமிடம், படிப்பைத் தொடாத பேச்சு.

இது கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். பிள்ளையை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "உனக்கு என்னப்பா பிரச்சினை?" என்று கேட்டுவிடுகிறார்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. பேச்சு நடக்க வேண்டிய இடம் நடைவழி, விளையாட்டுத் திடல், நாற்காலி அடுக்கும் நேரம். பொறுப்பேற்ற ஆசிரியர் பாதி ஆண்டில் மாறிப் போனால் அவருடைய மூன்று பேரும் மறுபடி யாருக்கும் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பட்டியலைப் புதிதாக ஒட்ட வேண்டும். இளைஞரை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்று, சலேசிய சபையை நிறுவிய குரு தொன் போஸ்கோ 1884இல் உரோமையிலிருந்து எழுதிய கடிதம் சொல்கிறது. அந்தக் கடிதத்தின் கவலையே, ஆசிரியர்கள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு இல்லாமல் ஒதுங்கிப் போய்விட்டார்கள் என்பதுதான்.

தவறு நடந்த பின் தண்டிப்பதைவிடப் பெரியவர்கள் உடனிருந்து முன்பே தடுக்க வேண்டும் என்பது அவருடைய முன்தடுப்புக் கல்விமுறை. 1877இல் அவர் எழுதி வைத்த அந்தச் சிறு விளக்கத்தை இன்றைய பள்ளியில் நடைமுறைப்படுத்தும் வழி எளிது. பள்ளியின் தரைப்படத்தை நகலெடுத்து ஒவ்வொரு மாணவரிடமும் கொடுங்கள். பாதுகாப்பாக உணரும் இடத்துக்குப் பச்சை, தவிர்க்கும் இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். கழிப்பறை வாசல், மாடிப்படி வளைவு, பேருந்து நிற்கும் இடம், உடை மாற்றும் அறை ஆகியவை சிவப்பாகத் திரும்பி வருவது வழக்கம். அந்த இடங்களில் இடைவேளையின் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் ஒரு பெரியவர் இருக்கும்படி பொறுப்புப் பட்டியலை மாற்றுங்கள். காவல் காக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, பேசிக்கொண்டு நிற்க வேண்டும். ஆறு வாரம் கழித்து அதே படத்தை மறுபடி கொடுத்தால், சிவப்பு குறைந்ததா, இடம் மாறியதா என்பது தெரிந்துவிடும்.

கொடுமைப்படுத்தல் நடந்த பிறகு கத்தோலிக்கப் பள்ளிகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "மன்னித்துவிடு, கை கொடு" என்று முடித்துவிடுவது. அடிபட்ட பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. மறுத்தால் இரக்கமற்றவன் என்ற பெயர் வேறு. மன்னிப்பு உள்ளத்திலிருந்து வர வேண்டியது, அலுவலகத்தில் பதினைந்து நிமிடத்தில் வாங்கக் கூடியதில்லை. முதலில் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். பாதிக்கப்பட்டவரிடம், "நாளை பள்ளிக்கு வர என்ன மாற வேண்டும்?" என்று கேட்டு, அந்த மாற்றத்தை அன்றே செய்யுங்கள். இடம் மாற வேண்டியது துன்புறுத்தியவர்தான். பாதிக்கப்பட்ட பிள்ளையை வேறு பிரிவுக்கு அனுப்புவது தண்டனையை இடம் மாற்றிக் கொடுப்பதாகும். மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என மூன்று முறை விசாரியுங்கள். சந்திப்பு நடப்பதானால் அடிபட்டவர் விரும்பிக் கேட்ட பிறகுதான்.

அடுத்தது கேட்கும் காதுகள். ஆன்ம குரு, ஆலோசகர், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் அருளடையாளம்) மூன்றும் வேறு வேறு. இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது ஆபத்து. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது, திருச்சபைச் சட்டம் 983 அதை முற்றாகத் தடுக்கிறது. அதனால் அங்கே பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமையைச் சொன்னாலும், குருவால் அதை வைத்து வெளியே எதுவும் செய்ய இயலாது. "இதை வெளியே, என்னிடமோ நீ நம்பும் இன்னொருவரிடமோ, மறுபடி சொல்" என்று அங்கேயே ஊக்கப்படுத்தத்தான் முடியும். இந்த வாக்கியத்தைச் சொல்லப் பழகாத குருவைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. அதேபோல், கல்வி நிறுவனத்தின் அதிபர் அதே இல்லத்தில் தங்கியிருக்கும் தம் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது, மாணவரே குறிப்பிட்ட தருணத்தில் சுதந்திரமாகக் கேட்டாலொழிய என்கிறது சட்டம் 985. தண்டிக்கும் அதிகாரமும் மனச்சான்றைக் கேட்கும் காதும் ஒருவரிடமே சேர வேண்டாம் என்ற ஞானம் அதில் இருக்கிறது. விடுதியோடு கூடிய பள்ளிகள் இதை எழுத்துப்படியே கடைப்பிடிக்க வேண்டும். விடுதி இல்லாத பள்ளிகளும் இதன் உட்பொருளைக் கொண்டு, ஆலோசகரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சேர்க்காமல் இருக்கலாம்.

ஆலோசகரின் இரகசியத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை முதல் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், யாராவது உன்னைத் துன்புறுத்தினால், நான் உதவி கேட்டே ஆக வேண்டும். அதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." அறைக் கதவில் கண்ணாடி இருக்கட்டும், உருவம் தெரிய வேண்டும், குரல் வெளியே கேட்கக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, பல பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கும். "ஆம்" என்றால் தனியே விடக் கூடாது. ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் பெற்றோரையும் மருத்துவ உதவியையும் அழைக்க வேண்டும். அதைப் பாவம் என்று போதிக்கும் நேரம் அதுவன்று. கடுமையான மன உளைச்சல் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2282ஆம் எண்ணில் சொல்கிறது.

இனிப் படிப்பு. தேர்வுப் பயத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதைவிட, தேர்வு நாள்தான் முதன்முதலாக நினைவிலிருந்து எழுதும் நாள் என்ற நிலையை மாற்றுவது பயன் தரும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பிள்ளைகள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடச் சுகத்தில்தான். எனவே ஒவ்வொரு பாடவேளையும் நான்கு கேள்விகளோடு தொடங்கட்டும்: நேற்றையதிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று. புத்தகம் மூடியிருக்க வேண்டும். நான்கு நிமிடம் எழுத, மூன்று நிமிடம் தாமே திருத்த. மதிப்பெண் பதிவு கிடையாது. பதிவேட்டில் ஏற்றிய அன்றே எட்டிப் பார்த்து எழுதுவது தொடங்கிவிடும், பயமும் திரும்பிவிடும். நேற்றைய பாடத்தை மட்டும் கேட்டாலும் பலன் பாதியாகும், ஏனெனில் கொஞ்சம் மறந்த பிறகு நினைவுகூர்வதுதான் பதிய வைக்கிறது. இயேசு சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் அன்றாட மீள்பார்வையையும் சனிக்கிழமையில் வாரம் முழுவதன் மீள்பார்வையையும் விதித்திருந்தது. அதை அந்தச் சபையின் பள்ளிகளே கைவிட்டிருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் அறையில் ஒரே தேர்வு நாட்காட்டி தொங்க வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் ஒரு தேர்வு, வாரத்தில் மூன்று. நான்காவதைக் கேட்கும் ஆசிரியர் அடுத்த வாரம் போக வேண்டியதுதான், தலைமையாசிரியரே ஆனாலும்.

உறக்கத்தைப் பற்றிப் பேசாமல் நலம் பேசுவது வீண். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால், சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் உடல் கேட்பதில்லை. விடியற்காலைச் சிறப்பு வகுப்பு வைக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்: வகுப்பு நேரத்திலிருந்து பயணம், குளியல், காலை உணவு ஆகியவற்றைக் கழித்து, அதிலிருந்து 8 மணி நேரம் பின்னோக்கி எண்ணுங்கள். அது முந்தைய நாள் வீட்டுப்பாடம் முடியாத நேரத்தில் போய் நின்றால் அந்த வகுப்பு பிள்ளைக்குப் பயன்படாது.

மாலையில் கடைசி ஐந்து நிமிடம், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வுக்கு ஒதுக்கலாம். அமைதியாக இருத்தல், இன்று நன்றியோடு நினைக்கும் ஒன்று, மனம் கனத்த ஒரு தருணம், சரிசெய்ய விரும்பும் ஒன்று, நாளைக்கு ஒரு சிறு முடிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். பிற சமய மாணவர்கள் தங்கள் வழியில் மனதுக்குள் செய்யட்டும், யாரையும் வாய்விட்டுச் செபிக்கச் சொல்ல வேண்டாம். நன்றியை விட்டுவிட்டுக் குற்றப் பட்டியலாக மாற்றினால் இது நஞ்சாகிவிடும். குறிப்பேட்டில் எழுதச் சொல்லி வாங்கிப் படிப்பது அதைவிடக் கேடு.

இவையெல்லாம் வேலை செய்கின்றனவா என்று அறிய, நோயறைப் பதிவேட்டைத் திறந்து வாரநாள், பாடவேளை, வகுப்பு என்று மூன்று பத்தி போட்டு எண்ணுங்கள். தலைவலி, வயிற்றுவலி என்று வருபவர்கள் ஒரே வகுப்பிலிருந்து ஒரே பாடவேளையில் வருகிறார்கள் என்றால், அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியரைக் குற்றவாளியாக்கும் நோக்கம் வேண்டாம், ஓய்வுப் பாடவேளையே இல்லாமல் அவரும் தவித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு பருவத்துக்கு ஒருமுறை, பெயரில்லாமல், ஒரே ஒரு கேள்வி: "கஷ்டம் வந்தால் இந்தப் பள்ளியில் நீ போய்ப் பேசக்கூடிய ஒரு பெரியவர் உண்டா?" இல்லை என்ற விடைகள் எந்த வகுப்பில் அதிகமோ, அந்த வகுப்பின் பெயர்ப் பட்டியல்தான் அடுத்த பருவம் முதலில் சுவருக்குப் போக வேண்டியது.