ஒன்பதாவது கிம்ஜாங்

தென்கொரியாவின் சுவோன் நகரத்துக்குக் குடிவந்து ஒன்பது வருஷம். நவம்பர் கடைசி ஆனால் கீழ்வீட்டு ஓனரம்மா கதவைத் தட்டுவார். குளிர்காலம் முழுக்கத் தாங்குகிற கிம்ச்சியை, அதாவது கொரியர்களின் காரமான கோஸ் ஊறுகாயை, ஒரே மூச்சில் போட்டு வைக்கிற கிம்ஜாங். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிய சமாச்சாரம்.

இந்த வருஷம் நாற்பது கோஸ். நம்ம ஊர் உருண்டைக் கோஸ் இல்லை, நீளமானது. பெயர் 'பேச்சு'. நாலு பொம்பளைங்க அதைச் சுத்தி உட்கார்ந்தா பெயர்ப் பொருத்தம் புரியும்.

ராத்திரியே உப்பில் ஊறப் போட்டு, காலையில் அலசி, நீர் வடியவிட்டாச்சு. முள்ளங்கித் துருவல், பூண்டு, இஞ்சி, உப்பு இறால், மிளகாய்த்தூள் எல்லாம் பிசைந்து ஒவ்வொரு இதழாகத் தூக்கித் தடவணும். வெளி இதழில் நிறைய அப்பிட்டு உள்ளே வெள்ளையா விட்டா திட்டு விழும். முதல் வருஷம் 'இதெல்லாம் ஒரு காரமா' என்று கெத்தாகக் கையுறை இல்லாமல் இறங்கினேன். ரெண்டு நாள் கை எரிச்சல்.

ஓனரம்மா போட்டிருந்த பூப்போட்ட, கையில்லாத பஞ்சுச் சட்டைக்குப் பெயரே கிம்ஜாங் ஜொக்கி. பாட்டிகள் உடுப்பு. இப்போ சின்னப் பிள்ளைகளும் ஃபேஷன் என்று மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது, ஊதா!

முடிந்ததும் வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி வாயில் திணித்துவிட்டார். ரெண்டு டப்பா வீட்டுக்கும் வந்தாச்சு.

கிம்ச்சிக்குத் தனி ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்லி வருஷா வருஷம் சொல்கிறார். இப்போதைக்கு என் இட்லி மாவு கிம்ச்சி வாசம் அடிக்கிறது.