வாட்டர்லூவில் மூன்று நாள்: தக்காளிக் கன்றும் பியோனிப் பூவும்

காரின் பின்சீட்டில் அம்மாவுக்கும் என் மகனுக்கும் நடுவே ஒரு தட்டு நிறையத் தக்காளிக் கன்றுகள். மடியில் கறிவேப்பிலைத் தொட்டி. நியூ ஜெர்சியிலிருந்து அக்கா வீட்டுக்கு ஐந்து மணி நேரம். வழியெல்லாம் அம்மா, "மெதுவா திருப்புடி, தண்டு ஒடிஞ்சிரும்" என்றபடியே வந்தாள்.

போன வருடம் அக்காவும் அத்தானும் நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் குடிபோனார்கள். நியூயார்க் என்றதும் அம்மா அண்ணாந்து பார்க்கத் தயாராகத்தான் வந்தாள். கண்ணில் பட்டதெல்லாம் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும், விரல் மாதிரி நீளநீளமாக ஏரிகளும். பக்கத்து ஊர் வாட்டர்லூ. மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே விடுமுறை பிறந்த ஊர் என்று 1966இல் ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தது இந்த ஊரைத்தான். பன்னிரண்டு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். எனக்கு அந்த நாள் என்றால் மெத்தைத் தள்ளுபடி, யாராவது ஒருவர் வீட்டில் கோழி சுடுவது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை முழுக்கத் தோட்ட வேலை. மண்வெட்டியை வைத்த இடமெல்லாம் கல். அந்தக் காலத்துப் பனியாறுகள் ஏரிகளைத் தோண்டிவிட்டுக் கல்லையெல்லாம் இங்கேதான் கொட்டிவிட்டுப் போனது போலிருந்தது. அத்தான் கடப்பாரை போட்டு நெம்ப, என் மகன் பொறுக்கி ஓரமாக அடுக்கினான். வயலில் கல்லையே பார்க்காத தஞ்சாவூர்க்காரி அம்மா, "இதுல என்னத்த வெளையும்?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் சன்னலோரம் வளர்ந்த கன்றை, தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கின பிறகுதான் நட வேண்டும். தெரிந்தும் சோம்பலில் விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் மேல் இலைகள் வெளுத்துக் காகிதமாகிவிட்டன. அது போதாதென்று அன்று ராத்திரி 34 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது தண்ணீர் உறையும் குளிருக்குப் பக்கத்தில் இறங்கும் என்று போனில் எச்சரிக்கை. மெமோரியல் டேக்கு முன்னால் தக்காளி நடாதே என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நாங்கள் இரண்டு நாள் அவசரப்பட்டுவிட்டோம்.

அக்கா வீட்டுப் போர்வைகள் பாதிப் பாத்திக்குத்தான் வந்தன. அம்மா உள்ளே போய்த் தன் பழைய சுங்குடிச் சேலை இரண்டை எடுத்து வந்தாள். குச்சி நட்டு, மேலே சேலையைப் போர்த்தி, ஓரத்துக்குப் பகலில் பொறுக்கிய கற்களையே பாரம் வைத்தோம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சேலைத் தலைப்பில் உப்புத் தூவினது போலப் பனி உறைந்திருந்தது. ஒரு முனையைத் தூக்கினால், கன்றுகள் தலை சாய்ந்தாலும் உயிரோடு இருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கையில் வாளியோடு வந்தார். நான் வழக்கம்போல "ஹேப்பி மெமோரியல் டே" என்றேன். கோபப்படவில்லை. "இந்த நாளுக்கு ஹேப்பி சொல்வதில்லை" என்று மட்டும் சொன்னார். உயிரோடு இருக்கிற படைவீரர்களுக்கு நவம்பர் 11 இருக்கிறது, இது போரிலிருந்து திரும்பாதவர்களுக்கான நாள். தன் அண்ணன் வியட்நாம் போரிலிருந்து திரும்பவில்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்.

வாளியில் பியோனிப் பூக்கள், ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம் அளவு. தலைகீழாகப் பிடித்து உதறினார், எறும்புகள் பொலபொலவென்று கொட்டின. மொட்டில் ஊறும் தேனுக்காக வருமாம். இந்த நாளின் பழைய பெயரே டெகரேஷன் டே, அதாவது கல்லறைக்குப் பூ வைக்கும் நாள். உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருடம், 1866 மே 5இல், வெல்ஸ் என்ற மருந்துக்கடைக்காரரும் மர்ரே என்ற ஜெனரலும் முன்நின்று வாட்டர்லூவில் கடைகளை அடைத்து ஊர்வலமாகக் கல்லறைக்குப் போனார்கள். இதற்கு ஓராண்டு முன்பே தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் போர்க் கைதிகளின் புதைகுழிகளுக்குப் பூ வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் மரியாதை அவர்களுக்குத்தான். தாத்தாவிடம் இதைச் சொல்லத் துணியவில்லை. 1868இல் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஜெனரல் லோகன் நாடு முழுக்க மே 30 என்று குறித்தார். 1971இலிருந்து அது மே மாதக் கடைசித் திங்களாகிவிட்டது. "லீவுக்காக மாற்றிவிட்டார்கள்" என்று தாத்தாவுக்கு இன்னும் ஆதங்கம்.

திங்கள் காலை கல்லறைத் தோட்டம். படைவீரர்களின் கல் ஒவ்வொன்றின் அருகிலும் சின்னக் கொடி. கொடிக்கம்பத்தில் பெரிய கொடி பாதியில் நின்றது, மதியம் பன்னிரண்டுக்குத்தான் உச்சிக்கு ஏற்றுவார்கள். மூன்று முறை துப்பாக்கி வெடித்தது. அப்புறம் ஒரு பெண் டிரம்பெட்டில் டாப்ஸ் என்ற அஞ்சலி மெட்டை வாசித்தாள். மொத்தமே இருபத்துநான்கு சுரம். அது முடிகிற வரை ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. முடிந்ததும் பொடியன்கள் தோட்டா உறை பொறுக்க ஓடினார்கள், என் மகனும்தான்.

தாத்தா அம்மா கையில் ஒரு பியோனியைக் கொடுத்து, எந்தக் கல்லுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சைகை காட்டினார். அம்மா வரிசை வரிசையாக நடந்தாள். பூ இருந்த கல்லையெல்லாம் தாண்டிப் போய், ஓரத்தில் சாய்ந்திருந்த ஒன்றின் முன் நின்றாள். பாசி படர்ந்து பெயரே அழிந்துபோயிருந்தது. பக்கத்தில் இருந்த துருப்பிடித்த ஐந்து முனை நட்சத்திரத்தை வைத்துத்தான் உள்நாட்டுப் போர்க்காரர் என்று தெரிந்தது. அம்மா விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பூவை வைத்தாள்.

"யாரு அம்மாச்சி இது?"

"தெரியலடா. பூ இல்லாம இருந்துச்சு, அதான்."

திரும்பி வரும்போது மறு வாரமும் குளிர் இருக்கலாம் என்று தாத்தா எச்சரித்தார், அதனால் சேலைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் மறுபடி போர்த்தினார்களாம். ஆகஸ்டில் அக்கா இரண்டு கூடை தக்காளியோடு வந்து இறங்கினாள், பாதி ஏற்கெனவே தாத்தா வீட்டுக்குப் போய்விட்டது என்றாள். அம்மா தக்காளியைப் பார்க்கவே இல்லை. "என் சேலை எங்கடி?" என்றுதான் கேட்டாள்.