திறப்பு

"பிடிச்சுப் பாருங்கோ" என்பதுபோல அந்த முதியவர் திறப்பை என் கையில் வைத்தார். உள்ளங்கையைவிட நீளம். உடம்பெல்லாம் கறள், வளையம் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழவழவென்றிருந்தது.

இன்று இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபா நகரில் அவருடைய அப்பா பூட்டிவிட்டு வந்த வீட்டின் திறப்பு.

லண்டனில் இன்று பலஸ்தீனத்துக்கான ஊர்வலம். முன்னால் தாதியர் சங்கத்தின் பதாகை, பின்னால் யூதர்கள் ஒரு குழுவாக.

1948-இல் இஸ்ரேல் உருவானபோது ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்கள் திரும்பலாம் என்று அதே வருடம் டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 194ஆம் தீர்மானம் போட்டது. இஸ்ரேல் இன்னும் விடவில்லை.

பாராளுமன்றச் சதுக்கம் வந்ததும் நெஞ்சு அடைத்தது. 2009-இல் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி இதே புல்லில் தமிழர்கள் நாங்கள் இருந்தோம். முகம் தெரியாத எத்தனை பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்!

திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். பேத்தி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.