கவிழ்த்து வைத்த டைமண்ட் நாலு

எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடியாக ஆடும் சீட்டாட்டம் பிரிட்ஜ். அதன் போட்டி வடிவமான டூப்ளிகேட் பிரிட்ஜில் முதல் சீட்டைக் (லீடு) கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். ஆள் மாறி இறக்கிவிட்டால் திருத்திக்கொள்ளவும், எத்தனை டிரிக் (பிடி) எடுப்போம் என்று முன்னால் சொன்ன ஏலத்தைப் பற்றி ஜோடி ஏதாவது கேட்டுக்கொள்ளவும் அந்த ஏற்பாடு. “கேள்வி இல்லை” என்று ஜோடி சொன்ன பிறகு திருப்புகிறோம். அந்த நாலைந்து நொடிகளில்தான் எனக்குப் புத்தி வரும். வந்து என்ன பயன், என் முறைதான் என்றால் கவிழ்த்த சீட்டை மாற்ற முடியாது.

அன்றைக்கு வலது பக்கத்துக்காரர் ஒரு நோ டிரம்ப் (துருப்பு ஜாதி இல்லாத ஆட்டம்) என்று ஆரம்பித்தார், 15 முதல் 17 புள்ளி; ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. அவருடைய ஜோடி யோசிக்காமல் மூன்று நோ டிரம்ப் என்றார், அதாவது பதின்மூன்றில் ஒன்பது டிரிக். மூன்று பாஸ். என் கையில் ஸ்பேடு ஜாக்கி, 10, 5. ஹார்ட் 8, 6, 2. டைமண்ட் ராணி, 9, 7, 4. கிளப் 7, 5, 4. மொத்தம் மூன்றே புள்ளி.

நோ டிரம்புக்கு எதிராக நீளமான ஜாதியில் நாலாவது பெரிய சீட்டு. இது நான் முதலில் கற்ற பாடம், அதனாலேயே கை தானாகப் போகிறது. டைமண்ட் 4-ஐக் கவிழ்த்து வைத்தேன். எதிரில் அக்கா, “கேள்வி இல்லை.” திருப்பினேன்.

டம்மி, அதாவது ஏலம் எடுத்தவருடைய ஜோடியின் கை, மேஜையில் இறங்கியது. டைமண்டில் ஏஸ், ஜாக்கி, 10, 6. டிக்ளேரர், அதாவது இரண்டு கையையும் ஆடும் வலது பக்கத்துக்காரர், ஒரு கணம் பார்த்துவிட்டு ஆறைக் கேட்டார். அக்கா 2 போட்டார். ஆறே ஜெயித்தது.

அந்த ஒரு கணத்தில் அவர் போட்ட கணக்கு பதினொன்று விதி. பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டக் காலத்தில் ஃபாஸ்டர் என்பவர் சொல்லிவைத்தது. லீடு நாலாவது பெரிய சீட்டு என்றால் அதன் எண்ணைப் பதினொன்றிலிருந்து கழிக்க வேண்டும்; மிச்சம் வருவது மற்ற மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டுகள் எத்தனை என்பது. பதினொன்றில் நாலு போனால் ஏழு. டம்மியில் நாலு, அவர் கையில் ராஜா, 8, 5 என்று மூன்று. ஏழும் தீர்ந்தது. ஆக, அக்காவிடம் நாலுக்கு மேல் ஒரு டைமண்ட்கூட இல்லை, ராணி என்னிடம்தான். ராணியை எந்தப் பக்கம் தேடுவது என்று தலையைச் சொறிய வேண்டிய இடம் அது. நானே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தேன். 11 டிரிக் எடுத்தார்.

ஆட்டம் முடிந்து அக்கா தன் சீட்டுகளை விரித்துக் காட்டினார். ஸ்பேடில் ஏஸ், ராணி, 9, 8, 6. ஹார்ட் ஏஸ். டிக்ளேரரிடம் ஸ்பேடு ராஜாவும் 4-ம் மட்டும். நான் முதல் சீட்டாக ஸ்பேடு ஜாக்கியை வைத்திருந்தால் ராஜாவோடு அவருக்கு எட்டு டிரிக்தான், அதுவும் டைமண்ட் ராணியைச் சரியாக ஊகித்தால். ஒன்பதாவதுக்கு ஹார்ட்டைத் தொட்டாக வேண்டும். அக்கா ஏஸில் பிடித்து நாலு ஸ்பேடையும் வரிசையாக அடித்திருப்பார். ஒன்று டவுன், அதாவது சொன்னதில் ஒரு டிரிக் குறைவு.

“உன் கையைப் பார்த்து லீடு பண்ணிட்டே தம்பி. என் கையைப் பார்த்திருக்கணும்” என்றார்.

உங்கள் கையை நான் எப்படிப் பார்ப்பது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் பார்த்திருக்கலாம்தான். மொத்தம் 40 புள்ளியில் எதிராளிகள் இருவருக்கும் சேர்த்து 26 இருக்கும், எனக்கு 3, மிச்சம் 11 அக்காவிடம். டம்மிக்காரர் ஸ்டேமன் (ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ நாலு சீட்டு உண்டா என்று ஜோடியைக் கேட்கும் இரண்டு கிளப் ஏலம்) கேட்கவில்லை, அப்படியென்றால் அவரிடம் ஸ்பேடோ ஹார்ட்டோ நாலு இருக்க வாய்ப்புக் குறைவு. அக்கா ஏன் ஸ்பேடு என்று வாயைத் திறக்கவில்லை? எங்கே திறப்பது? அவர் முறை வருவதற்குள் ஏலம் மூன்று நோ டிரம்புக்குப் போய்விட்டதே. என் மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு டைமண்டை வளர்த்தாலும் அதை அனுபவிக்க நான் எப்படி உள்ளே வருவேன்? பலம் இருக்கிற இடத்தில்தான் தேட வேண்டும். ஹார்ட்டில் எனக்கு எட்டுக்கு மேல் இல்லை, ஸ்பேடில் ஜாக்கியும் பத்துமாவது தோள் கொடுக்கும். ஆக ஸ்பேடு ஜாக்கி. இவ்வளவும் ஏலத்திலேயே இருந்தது, நான் கேட்கவில்லை.

மௌனமும் சில சமயம் பேசும். இதே ஏலத்தில் ஸ்டேமனுக்காக இரண்டு கிளப் வந்து, அதை அக்கா டபுள் செய்யாமல் (கிளப் லீடு வேண்டும் என்று சொல்லும் ஏலம் அது) விட்டிருந்தால், அவரிடம் நல்ல கிளப் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கிளப்பா வேறு ஜாதியா என்று தடுமாறும்போது அதுவே போதும்.

துருப்பு ஆட்டத்தில் எனக்கு இவ்வளவு குழப்பம் வருவதில்லை. ஏஸ்-ராஜா சேர்ந்திருந்தால் சந்தோஷம். ராஜா-ராணி-ஜாக்கி என்று வரிசை இருந்தால் உச்சியிலிருந்து. ஏஸை உள்ளே வைத்துக்கொண்டு அதே ஜாதியில் சின்னச் சீட்டு வைப்பதில்லை. டிக்ளேரரின் ஒற்றை ராஜா ஜெயித்துப் போகும்போது ஜோடியின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒற்றைச் சீட்டு இருந்தால் உடனே அதை இறக்கி வெட்டக் காத்திருப்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் பிடிக்கும். துருப்பில் ஏஸோடு இரண்டு சின்னச் சீட்டு இருந்தால் சரி, செய்யலாம். ராணி-ஜாக்கி-பத்து என்று துருப்பிலேயே ஒரு டிரிக் நிச்சயமாக இருக்கும்போது அதைக் கொண்டு வெட்டி என்ன லாபம்?

அக்கா சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்கோர் கார்டுக்குள் வைத்துக்கொண்டேன்: ‘கை பலவீனம் என்றால் ஜோடியின் ஜாதியைத் தேடு.’ அடுத்த வாரமே ஒரு நோ டிரம்ப், மூன்று நோ டிரம்ப். என் கையில் நாலு புள்ளி, ஹார்ட் 10, 9, 3. ரொம்பப் பெருமையாக ஹார்ட் பத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“கேள்வி இல்லை” என்றார் அக்கா. அவரிடம் ஹார்ட் இரண்டே இரண்டு, கிளப் ஆறு.