சாரநாத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

காசியில் அப்பாவின் அஸ்தியைக் கங்கையில் கரைத்த மறுநாள் எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. ரயில் ராத்திரிதான். "சாரநாத் பத்து கிலோமீட்டர்தானே, போய்ட்டு வாங்கோ" என்றார் கர்மம் செய்துவைத்த வாத்தியார். அம்மா வரவில்லை. நானும் தம்பியும் ஆட்டோ பிடித்தோம். முந்தின நாள் படித்துறையிலிருந்து அவன் சரியாகப் பேசவே இல்லை. வெளிக்காற்று பட்டால் நல்லது என்று நினைத்தேன்.

முதலில் பார்க்க நினைத்தது அசோகரின் நான்முகச் சிங்கத்தை. ரூபாய் நோட்டில் சின்னதாகப் பார்த்ததை நேரில் பார்க்க ஆசை. அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையாம். விசாரிக்காமல் கிளம்பியது என் தப்பு.

கேட்டின் முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தர் இதே ஊரில் சொன்ன முதல் உபதேசத்தில் துக்கங்களை வரிசையாகச் சொல்கிறார்: பிறப்பு, மூப்பு, சாவு, பிடிக்காததோடு சேர்ந்திருப்பது, பிடித்ததைப் பிரிவது. அந்த வரிசையிலேயே ஆசைப்பட்டது கிடைக்காமல் போவதும் உண்டு. சாவையும் பூட்டிய கேட்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவரால் முடிந்திருக்கிறது.

'எல்லாம் துன்பம்' என்று புலம்புகிற மதம் என்றுதான் நானும் பௌத்தத்தைப் பற்றி நினைத்திருந்தேன். அவர்கள் சொல்லும் துக்கம் வெறும் அழுகை இல்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 'இது நிலைக்காதே' என்று அடியில் உறுத்துகிறதே, அதுவும் துக்கம்தான். அதற்குக் காரணம் வேட்கை. வேட்கை அற்றால் துக்கமும் அறும். அதற்கு வழி எட்டு அங்கங்கள் கொண்ட பாதை. கேட்டவர்கள் ஐந்தே பேர். அவர்களில் கௌண்டின்யருக்கு முதலில் பிடிபட்டது: தோன்றும் இயல்புள்ளது எதுவோ, அது மறையும் இயல்புள்ளது.

அடுத்த உபதேசமும் இங்கேதான். அது கேள்வியும் பதிலுமாகப் போகிறது. உடம்பு நிலையானதா? இல்லை. நிலையில்லாதது துக்கமா, சுகமா? துக்கம். மாறிக்கொண்டே இருப்பதை 'இது என்னுடையது, இதுதான் நான்' என்று சொல்வது தகுமா? தகாது. உணர்ச்சி, நினைவு, அறிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து அதே கேள்வி. படிக்கும்போது சலிப்பாக இருந்தது. அஸ்திக் கலசத்தைக் கையில் ஏந்திய மறுநாள் அப்படி இல்லை.

தமேக் ஸ்தூபி தூரத்திலிருந்தே தெரிந்தது. முப்பது மீட்டருக்கு மேல் உயரம். அடிப்பாகத்துக் கல்லில் குப்தர் காலத்துப் பூவேலைப்பாடு. மேலே வெறும் செங்கல். சுற்றிலும் எட்டு மாடங்கள், எட்டும் காலி. வெள்ளை உடுத்திய இலங்கை யாத்திரிகர்கள் புல்தரையில் உட்கார்ந்து பாலி மொழியில் ஓதிக்கொண்டிருந்தார்கள். யாரோ கல்லில் ஒட்டிவிட்டுப் போன தங்க ரேக்கு பாதி உரிந்து காற்றில் ஆடியது.

சற்றுத் தள்ளி தர்மராஜிக ஸ்தூபி. பெயர்தான் ஸ்தூபி, இருப்பது வட்டமான செங்கல் அடித்தளம் மட்டும். அசோகர் கட்டியது என்கிறார்கள். 1794-இல் காசியில் சந்தை கட்டச் செங்கல் வேண்டுமென்று இடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு கல்பெட்டி, அதற்குள் ஒரு பேழை, பேழைக்குள் எலும்புத் துண்டுகள். புத்தருடையவையாக இருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். கண்டெடுத்தவர்கள் அவற்றைக் கங்கையில் விட்டுவிட்டார்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும் தம்பி கேட்டான், "நேத்து நாம அப்பாவை விட்டோமே, அதே கங்கையிலயா அண்ணா?"

"அதே கங்கைதான்டா."

செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் அந்த அடித்தளத்தை வலம் வந்தோம். வெயிலில் கால் சுட்டது. மூன்றாவது சுற்றில் அவன் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தான். நான் அவன் வரும்வரை அங்கேயே நின்றேன்.