ஒரு கோடு, இரண்டு விடை

'_____ ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போவோம்.' கோடிட்ட இடத்தை நிரப்புக. என் விடைக்குறிப்பில் இருந்தது 'நாங்கள்'. என் தமிழ் வகுப்பில் படிக்கும் ஒருவர் எழுதியிருந்தது 'நாம்'. சிவப்பு மையால் சுழித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

அவர் பாட்னாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி. இந்தியில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஹம்'தான். கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற பேச்சே கிடையாது. அதனாலேயே இந்த இரண்டு சொல்லுக்கும் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தேன். வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றார்.

"சார், இது ஏன் தப்பு?"

"போறவங்க சொல்றாங்க இல்லையா, நாங்கள்னுதான் வரணும்."

"நீங்களும் வருவீங்கன்னு நினைச்சு எழுதினேன் சார்."

என்ன சொல்வதென்று தெரியாமல், "விடைக்குறிப்புல நாங்கள்தான் இருக்கு" என்றேன். அந்த விடைக்குறிப்பைத் தயாரித்ததும் நான்தான்.

'போவோம்' இரண்டுக்கும் பொருந்தும். முன்னால் ஒரு வாக்கியம் இல்லை, யார் யாரிடம் சொல்கிறார் என்றும் இல்லை. சொல்லப்போனால், நம் வீடுகளில் ஒருவர் 'மெரினாவுக்குப் போவோம்' என்றால் பெரும்பாலும் எதிரில் இருப்பவரையும் கூப்பிடுகிறார் என்றுதான் பொருள். அவருடைய விடைதான் கூடுதல் இயல்பு.

இத்தனைக்கும் அந்தக் கேள்வித்தாளை நான் அலட்சியமாகத் தயாரிக்கவில்லை. 'வீடு_____' என்று அச்சடித்துவிட்டு 'இல்' எதிர்பார்க்கக் கூடாது, அது 'வீட்டில்' ஆகிவிடும் என்று சொல் முழுவதையும் கோட்டுக்குள் கொண்டுவந்தேன். 'அந்தப் _____' என்று ஒற்றோடு கொடுத்தால் அடுத்த சொல் பகரத்தில் தொடங்குகிறது என்று கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகப் படத்தில் இருந்த பூனையை எடுத்துவிட்டு நாயைப் போட்டேன். 'அந்த நாய்' என்றால் ஒற்றுச் சிக்கல் இல்லை. ஒரு புள்ளிக்கு இவ்வளவு கவலைப்பட்டவனுக்கு, எதிரில் உட்கார்ந்து படிக்கப்போகிறவர் நினைவுக்கு வரவில்லை.

அல்லது, ஒரு தாளுக்கு ஒரு விடை என்பதில் அப்படி என்ன தப்பு? 'நாங்கள்' எழுதிய மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? 1953இல் சொற்களை விட்டுவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை முன்வைத்த வில்சன் டெய்லரே மூலத்தில் இருந்த அதே சொல்லுக்குத்தான் மதிப்பெண் கொடுத்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவர் அளந்தது ஒரு பத்தி படிக்க எளிதா, கடினமா என்பதை. பாட்னாவிலிருந்து வந்தவரை அல்ல.

மறுவாரம் கேள்வியைத் திருத்தினேன்: '_____ மெரினாவுக்குப் போகிறோம். நீ வீட்டைப் பார்த்துக்கொள்.' எல்லோரும் சரியாக எழுதினார்கள், அவரும்தான். தாள்களைத் திருத்தும்போது எனக்குத்தான் சப்பென்று இருந்தது. யாரும் யோசிக்க வேண்டிய இடமே அதில் இல்லை. கூடவே, ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வாக்கியம். தெளிவாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

அதற்குப் பிறகு அவர் 'நாம்' எழுதவே இல்லை. எங்கே சந்தேகம் வந்தாலும் 'நாங்கள்'தான். சில இடங்களில் அது தவறு. அங்கே சுழிக்க எனக்குக் கை வரவில்லை.

போன வியாழக்கிழமை இடைவேளையில் மேசைக்கு வந்து, "நாங்க டீ குடிக்கலாமா சார்?" என்றார். பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அனுமதி கேட்கிறார் என்றால் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. என்னையும் சேர்த்துக் கூப்பிடுகிறார் என்றால் 'நாம' என்று வந்திருக்க வேண்டும்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

கதவருகே ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார்.